சீனப் பல் டாக்டர்

"டாக்டர், ஊட்டுக்காரருக்கு ஈறுல ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. பெரியாஸ்பத்திரில சேத்துகீறோம்!"

மூச்சிரைக்க நின்றாள் மஹ்பூபா. கையில் போன மாதம் என்னிடம் காட்டிய அதே மூலிகை டப்பா. சிங்கப்பூரிலிருந்து அவள் தம்பி அனுப்பியது. டப்பா முழுக்கச் சீன எழுத்து.

"இதய ஆபரேஷனுக்கப்புறம் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறாரே, அதோட இது சேந்துதான் இப்பிடி ஆச்சாம். உள்ள இன்னா கீதுன்னு எழுதி வாங்கினு வரச் சொன்னாங்க."

டப்பாவை என் மேஜையில் வைத்தாள்.

"நீங்கதானே படிச்சிட்டு, 'வெறும் வேருதான், தைரியமா குடுங்க'ன்னீங்க?"

பேனாவை நீட்டினாள். காத்திருந்த நோயாளிகள் என்னையே பார்த்தார்கள். வாசலில் 'சீனப் பல் டாக்டர் சென்' என்ற போர்டு. இருபது வருடமாகப் பூந்தமல்லியில் கூட்டம் வருவது அதைப் பார்த்துத்தான்.

"சீக்கிரம் எழுதுங்க, டாக்டர்! ஆட்டோ நிக்குது."

பேனாவை வாங்கிக் கீழே வைத்தேன்.

"மூஞ்சி மட்டுந்தாம்மா சீனா. பொறந்தது இங்க பக்கத்துல பாடியில, படிச்சது பஞ்சாயத்து ஸ்கூலு. சீனத்துல எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது."