தவறிய ஸ்வரம்

எதிரே உட்கார்ந்திருந்த பெண் கீபோர்டில் மூன்று கட்டைகளை அழுத்தினாள். பியானோ டீச்சர் கண்ணை இறுக மூடிக் கேட்டாள்.

"பதறாம சொல்லுங்கம்மா. மேஜரா, மைனரா?"

"மைனர். நடு ஸ்வரம் அரைப்படி இறங்கியிருக்கு. இருபது வருஷமா பசங்களைக் கேட்டு மிரட்டுன கேள்வி. இன்னிக்கு நான் தப்பா சொன்னா பியானோவை மூடிட வேண்டியதுதான்."

"இது?"

அதே மூன்று கட்டைகள்தான்.

"மேஜர்" என்றாள் டீச்சர். அடுத்த நொடியே தவறு உறைத்தது. "ஐயோ, மைனர். எனக்கு எல்லாம் போயிடுச்சா?"

"ஒண்ணும் போகலைம்மா" என்றார், திறந்திருந்த அவள் தலைக்குப் பின்னால் நின்ற அறுவை மருத்துவர். "மூளையில ஒரு இடத்துல லேசா கரண்ட் வெச்சேன், தடுமாறினீங்க. இதுக்குத்தான் உங்களை மயக்காம முழிச்சிருக்க வெச்சோம். உங்க சங்கீதம் எங்க இருக்குன்னு இப்பதான் தெரிஞ்சுது. அங்க கத்தி படாம கட்டியை எடுத்துடலாம்."