பேராசிரியர் எழுதாத பதில்

ஆராய்ச்சிக்கு உதவி கேட்டு முன்பின் தெரியாத மாணவர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பேராசிரியர் பதில் போடுவதே இல்லை. ஆறு மாதம்தான் இருப்பார் என்று டாக்டர் கைவிரித்த பிறகு, கட்டோடு கிழித்துப்போடச் சொல்லிவிட்டார். பியூனும் சளைக்காமல் கிழித்தார்.

இன்று ஒரு பெண் வந்து நின்றாள். "ஐயா, உங்க பதில் கிடைச்சுது. ஆராய்ச்சியையே விட்டுடலாம்னு இருந்தேன். பொழைச்சேன்."

"யார் காதுல பூ சுத்தறே? வந்ததையெல்லாம் நான்தானே கிழிச்சேன்!" என்று பியூன் பாய்ந்தார்.

அவள் நான்கு பக்கக் கடிதத்தை நீட்டினாள். பேராசிரியரின் கோழிக்கிறுக்கலேதான், பத்து வருடம் பார்த்த பியூனுக்குத் தெரியாதா? தேதிதான் உதைத்தது. அது வர இன்னும் மூன்று வருடம் இருந்தது.

பேராசிரியர் அந்தத் தேதியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காரும்மா. மிச்ச சந்தேகத்தையும் கேளு. நேரம் இருக்கு."