செவப்பு லைட்டு

"அண்ணாத்தே, உங்களாண்ட இருந்தப்போ அந்த வண்டில செவப்பு லைட்டு எரிஞ்சுதா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

முத்தாபுதுப்பேட்டை வீட்டு வாசலில் நின்று கேட்டவன் சுலைமான். பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருப்பவன். போன மாதம்தான் கோவிந்தராஜின் வெள்ளைச் சின்னக் காரை விலைக்கு வாங்கிப் போயிருந்தான்.

மொட்டை மாடியில் டிவி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்த கோவிந்தராஜ் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"லைட்டு கெடக்கட்டும். கொழந்த பொறந்தா அண்டாவோட பிரியாணி எடுத்துகினு வரேன்னியே பாய், எங்கே?"

"பொறந்துச்சு அண்ணாத்தே. அழல."

கோவிந்தராஜ் மெதுவாகப் படியிறங்கி வந்தான். அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றிவிட்டு நின்ற அவன் மனைவி சொர்ணம், கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

எட்டு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. மனைவி சபுரா பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்றுதான் சுலைமான் காரே வாங்கினான்.

"ஒரு வாரமாவே வண்டி மிஸ் அடிச்சுது" என்றான். "திக்கித் திக்கி ஓடுச்சு. கைல இருந்த தையலை முடிச்சிட்டு மெக்கானிக்காண்ட காட்டலாம்னு இருந்தேன். செவ்வாக்கெழம உச்சி வெயில்ல சபுராவுக்கு வலி எடுத்துச்சு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன், வேலப்பன்சாவடியாண்ட இன்ஜின் அப்படியே இறுகி நின்னுடுச்சு. சாவியத் திருப்பித் திருப்பி பாட்டரியும் பூடுச்சு. ஆட்டோ கெடைக்க முக்கா மணி நேரம்..."

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மெக்கானிக் கஜபதி இன்ஜினப் பாத்தாரு. ஒரு பிளக்கு ஆயில்ல ஊறிக் கெடக்குது. அதான் மிஸ் அடிச்சிருக்குது. வண்டி ரொம்ப நாளா ஆயிலக் குடிச்சுகினு இருந்திருக்குது, இப்ப ஒரு சொட்டு இல்லன்னாரு. ஆயில் கொறைஞ்சா மீட்டர்ல செவப்பு லைட்டு எரியுமே, பாக்காம இன்னாய்யா ஓட்டினேன்னாரு. அத நான் சபுராவாண்ட போய் சொல்லிட்டேன்."

"அதுக்கு இன்னா சொன்னாங்க?" சொர்ணம் கேட்டாள்.

"'வண்டி சொல்லியிருக்குது, நீதான் பாக்கல'ன்னா. அவ்ளோதாம்மா. அதுக்கப்புறம் எங்கூடப் பேசல."

கோவிந்தராஜ் பக்கம் திரும்பினான்.

"நான் பாத்துகினுதான் ஓட்டினேன் அண்ணாத்தே. எரியல. ஆனா இப்போ கண்ண மூடினா எரியறா மாதிரியே கீது. எரிஞ்சுதோ, நான்தான் பாக்கலியோ..."

"எங்கிட்ட ஒரு நாளும் எரிஞ்சதில்ல" என்றான் கோவிந்தராஜ். "தங்கமாட்டம் குடுத்தேன் பாய். வாரத்துக்கு ஒரு வாட்டி ஆயில் இருக்குதான்னு பாக்க வேணாமா? வண்டி மிஸ் அடிக்குது, அதோட புள்ளத்தாச்சிய ஏத்திகினு கெளம்பியிருக்கே. இவ்ளோ அலட்சியமாவா இருப்பாங்க?"

சுலைமான் தலை குனிந்துகொண்டான்.

"ஆமா அண்ணாத்தே. தப்பு எம்மேலதான்."

சொர்ணத்துக்கும் மனசுக்குள் அதேதான் ஓடியது. கண்ணுக்கு எதிரே எரிகிற லைட்டைக்கூடவா பார்க்காமல் ஓட்டுவார் ஒரு மனுஷர்?

"அது எவ்ளோ பெரிசா இருக்கும் பாய்?"

"பட்டாணியத்தனதாம்மா. கஜபதி கடைல இருந்த ஒண்ண எடுத்துக் காமிச்சாரு. சின்ன பல்பு. அடியில கறுப்பா ஒரு பிளாஸ்டிக்கு, திருகி எடுக்கறா மாதிரி."

சொர்ணம் சட்டென்று வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க இன்னா நிக்கிறே? இட்லி தீயுது, உள்ள போ" என்றான் கோவிந்தராஜ்.

உள்ளே போனாள். மூன்று வயது மகள் தரையில் சொப்புச் சாமான்களைப் பரப்பி வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. சொர்ணம் குந்தி உட்கார்ந்து, சொப்புப் பானையைக் கவிழ்த்தாள்.

"எம்மா! அது என் ஊட்டு லைட்டு!"

"வேற தரேண்டி கண்ணு."

அவள் திரும்பி வந்தபோது சுலைமான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அவளுடைய மூடிய கையை முதலில் பார்த்தது கோவிந்தராஜ்தான்.

"சொர்ணம்!"

அவள் அவனைப் பார்க்கவில்லை.

"கையை நீட்டுங்க பாய்."

நீட்டினான். பட்டாணி அளவு பல்பு ஒன்று, கறுப்புப் பிளாஸ்டிக் அடியோடு அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"நீங்க வண்டியப் பாக்க வந்தீங்களே, அன்னிக்கி இவர் சட்டையத் தொவைக்க எடுத்தப்போ பையில இருந்துச்சு. டார்ச் பல்புன்னாரு. போட்டுப் பாத்தேன், சேரல. பாப்பாவுக்கு வெளயாடக் குடுத்துட்டேன்."

சுலைமான் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றான். கோவிந்தராஜ் மாடியிலிருந்த ஆன்டெனாவைப் பார்த்தான்.

"கொண்டுபோயி அக்காவாண்ட காமிங்க பாய். எரியறதுக்கு வண்டில லைட்டே இல்லன்னு சொல்லுங்க. உங்களோட பேசச் சொல்லி, நான் கேட்டுகிட்டேன்னு சொல்லுங்க."