எட்டு மணி விசில்

பெரியவர்களைப் போரும் நோயும் பங்கு போட்டுக்கொண்ட பிறகு, குடியிருப்பில் இளசுகள்தான் மிச்சம். தொற்றுக்குப் பயந்து யாரும் கதவைத் திறப்பதில்லை. காலை எட்டு மணிக்குக் குக்கர் விசிலடித்தால் அந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். விசில் வராத வீட்டுக்குப் பிணவண்டி வரும்.

ரெஜினாவுக்குப் பதினேழு வயது. எதிர்வீட்டுச் சாஜிதாவுக்கும் அதேதான். விசில் அடங்கியதும் ரெஜினா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்பாள்.

“சோறாடி?”

“வெறுந்தண்ணிதான். உனக்கு?”

“எனக்கும்.”

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டில் விசில் வரவில்லை. வண்டி வந்து சாஜிதாவைத் தூக்கிப்போனது. அவளுடைய குக்கர் மட்டும் வாசலில் கிடந்தது. தொட்டால் தொற்றும் என்று ரெஜினாவுக்குத் தெரியும்.

மறுநாள் அவள் அடுப்பில் இரண்டு குக்கர்கள் இருந்தன. முதலில் அவளுடையது விசிலடித்தது. பிறகு மற்றது.

ரெஜினா வழக்கம்போலக் கேட்டாள்.

“சோறாடி?”