கூடவே வந்த நாற்றம்

பிரெட்ரிக்கின் கால் நாற்றத்தை நினைத்தாலே பெர்னார்டுக்குக் குமட்டியது. போன மாதம் ஜாக்லின் வீட்டு ஜெபமாலையில் அந்த ஆள் பக்கத்தில் வந்து உட்கார, பெர்னார்ட் பாதியிலேயே எழுந்து, ஷூவை அவசரமாக மாட்டிக்கொண்டு ஓடிவந்துவிட்டார். ஞாயிறு பூசைக்குப் பிறகு பிரெட்ரிக் இரண்டு முறை ஏதோ சொல்ல வந்தபோதும், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நழுவினார்.

அப்படியும் அந்த நாற்றம் அவரை விடவில்லை. காரில் தனியாகப் போனாலும் அடித்தது.

இன்று ஜொகூர் பாரு பாத கிளினிக்கில் ஷூவைக் கழற்றி பாத மருத்துவர் ஃபரீஹாவிடம் நீட்டினார்.

"தட்டைப் பாதத்துக்கு நீங்க செஞ்சு குடுத்த சோல் சுத்த வேஸ்ட் லா. வலி கூடிப்போச்சு. விரலிடுக்குல வேற ஒரே அரிப்பு."

ஃபரீஹா கையுறை மாட்டிக்கொண்டு ஷூவுக்குள்ளிருந்து சோலை உருவினாள். முகத்தைச் சுளித்தாள்.

"அங்கிள், இதை வெளிய எங்கயாச்சும் கழட்டி வெச்சீங்களா?"

"ஜெபமாலைக்குப் போன வீட்டு வாசல்ல. ஏன்?"

"எங்ககிட்ட வாங்குற எல்லாருக்கும் இதே கறுப்பு ஷூதான். மாறிடக் கூடாதுன்னு சோல் அடியில பேர் எழுதிடுவோம்."

திருப்பிக் காட்டினாள். வியர்வையில் ஊறி மஞ்சளித்த சோலின் அடியில் மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தது: பிரெட்ரிக்.