புகை பத்தலை

"புகை பத்தலையே முத்தப்பா, என்ன செய்யலாம்?"

சூசைமரியான் கடை முன்னால் நின்று பைப்பை நீட்டினார். காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வெற்றிலை, புகையிலைக் கடை வைத்திருந்த முத்தப்பன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சூசைமரியான் தபாலாபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. அவர் விரலில் ஒரு பீடியைக்கூட யாரும் பார்த்ததில்லை. போன வாரம்தான் பழைய சாமான் கடையில் இந்தப் பைப்பை வாங்கியிருந்தார்.

"இந்த வயசுல எதுக்குண்ணே இந்தப் பழக்கம்? அதுலயும் பைப்பு?"

"பீடிப் புகை எந்த மூலைக்கு? சுருட்டைப் பிடிச்சுப் பாத்தேன். ரெண்டே இழுப்புல தலை சுத்தி உக்காந்துட்டேன். இதுதான் ஆகும். ஆனா புகை வீடு நெறைய வரணும்."

முத்தப்பன் பினாங்கில் ஒரு தோட்டத்துத் துரையிடம் ஏழு வருஷம் வேலை பார்த்தவர். துரைக்குப் பைப்பு அடைத்துக் கொடுத்த கை.

"புகையிலை ஈரமா இருக்கு. காகிதத்துல பரப்பிச் செத்த நேரம் ஆற விடுங்க. அடியில தளர்வாப் போடணும், மேல போகப் போக இறுக்கணும். ஒரு தடவை பத்த வச்சு, லேசா அமுக்கிட்டு, மறுபடியும் பத்த வைக்கணும். இழுக்கிறதுக்கு முன்னாடி குழாய்க்குள்ள மெதுவா ஒரு ஊது ஊதுங்க. கங்கு முழிச்சுக்கும். அப்புறம் நிதானமா இழுத்தா குபுகுபுன்னு வரும். உள்ள விழுங்கிறாதீக. வாயோட விட்டுருங்க."

பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சூசைமரியான் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"வீட்ல அக்காவுக்கு எப்படி இருக்கு?"

"இருக்கா," என்றார். குடையை ஊன்றிக்கொண்டு வெயிலில் நடந்தார்.

முத்தப்பன் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "பொண்டாட்டி சாகக் கிடக்கா. இவருக்குப் புகை பத்தலையாம்."

பவுலின் முன் அறையில் கட்டிலில் கிடந்தாள். மார்பில் கட்டி வந்து புண்ணாகிவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் கட்டி கரையக் கரண்டு வைத்துப் பார்த்தார்கள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். துணைக்கு இருக்க அவள் தங்கை யூஜினியா அன்று காலைதான் திருப்பத்தூரிலிருந்து வந்திருந்தாள்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். வாசலில் பெண்கள் குரல் கேட்டது. கோயிலிலிருந்து மூன்று பேர், கூடவே பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு.

சூசைமரியான் அவசரமாக எழுந்தார். முக்காலியை இழுத்துக் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். தீக்குச்சி கிழித்தார், அமுக்கினார், மறுபடி கிழித்தார். ஒரு ஊது, ஒரு இழுப்பு.

முத்தப்பன் சொன்னது சரிதான். புகை குபுகுபுவென்று கிளம்பி அறையை நிறைத்தது.

உள்ளே வந்த நாலு பேரும் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டார்கள்.

"என்னண்ணே இது, நோயாளி இருக்கற வீட்டுல?" என்றாள் அம்மாக்கண்ணு. "கொடலைப் பொரட்டுது."

"பழகிப்போச்சும்மா. விட முடியல," என்றார் சூசைமரியான். இன்னொரு இழுப்பு இழுத்தார்.

பவுலின் தலையணையில் சாய்ந்தபடி சிரித்தாள். "அவுகளை ஒண்ணும் சொல்லாதீக. மூக்கைப் பொத்திக்கிட்டே இங்குட்டு வந்து உக்காருங்க. கோயில்ல தேர் வேலை எந்த மட்டுல இருக்கு?"

அவர்கள் அரை மணி நேரம் இருந்தார்கள். மூக்கிலிருந்து தலைப்பை எடுக்காமலே பேசினார்கள். தேர், புதுச் சாமியார், அம்மாக்கண்ணு மருமகளின் பிரசவம் என்று பவுலின் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நடுவில் அவரைக் காட்டி, "ரயில் எஞ்சினைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன்," என்று சொல்லிச் சிரித்தாள்.

அவர்கள் வாசலைத் தாண்டியதும் யூஜினியா அவர் கையிலிருந்து பைப்பைப் பிடுங்கினாள்.

"ஒங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா அத்தான்? வாரவுக எல்லாம் காறித் துப்பாத குறை. அவ கடைசிக் காலத்துல நல்ல காத்தைக் கூட..."

சூசைமரியான் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினார். கிணற்றுச் சுவரைப் பிடித்துக் குனிந்து வாந்தி எடுத்தார். மத்தியானம் சாப்பிட்டது அத்தனையும் வெளியே வந்தது.

யூஜினியா செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். கோபம் தணியவில்லை.

"ஒடம்புக்கு ஒத்துக்காத சனியனை எதுக்குப் பிடிச்சுக்கிட்டு அழுகுறீக?"

அவர் வாய் கொப்பளித்தார். துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"பத்து நாளைக்கு முன்னால ஒங்க சித்தி மக பாக்க வந்துச்சு. கட்டில்கிட்டப் போனதும் புண்ணு வாடை தாங்காம மூக்கைப் பொத்திருச்சு. அதையும் தப்புச் சொல்ல முடியாது. ஆனா ஒங்க அக்கா பாத்துட்டா. மூணு நாளு செவத்துப் பக்கம் திரும்பியே படுத்திருந்தா. கஞ்சி எறங்கல. இனிமே யாரையும் உள்ள விடாதீக, நான் நாறிப்போனேன்னு அழுதா."

உள்ளே பவுலின் எதற்கோ யூஜினியாவைக் கூப்பிட்டாள். குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது.

"போத்தா, போயி என்னன்னு கேளு," என்றார் அவர். "இப்ப வாரவுக எல்லாம் என் புகைக்குத்தான் மூக்கைப் பொத்துறாகன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."