நாலாவது கனெக்‌ஷன்

“இன்னைக்கும் படம் நின்னுச்சுன்னா, உங்க மோடத்தைக் கழட்டிக் கெணத்துல வீசிப்போடுவேன், பாத்துக்க” என்றார் திருமலைசாமி.

தீபக் வாய் நிறைய கேசரியோடு தலையாட்டினான். பெரியநாயக்கன்பாளையத்தில் இன்டர்நெட் மாட்டப் போன வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் கிடைத்த முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும்.

வீடியோவில்தான் பெண் பார்க்கப் போகிறார்கள். அதற்காக வழக்கத்தை விட்டுவிட முடியுமா என்று திருமலைசாமியின் மனைவி வெங்கடம்மாள் காலையிலேயே அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். மகள் சாய்ப்ரியா தட்டை ஏந்தி லேப்டாப் கேமராவுக்குக் காட்ட வேண்டும். காட்டியது போக மிச்சமெல்லாம் தீபக்குக்கு.

இதற்கு முன் மூன்று வரன்கள் இப்படி வீடியோவில் வந்து, நெட்டால் போயின. பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் கதவைச் சாத்திவிட்டு வெளியே வருவார்கள். ஐந்தாவது நிமிடம் படம் நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் திருமலைசாமி ஒரு கம்பெனியை மாற்றினார். தீபக் மாட்டியிருப்பது நாலாவது.

“அவங்க அனுப்புன போட்டோவப் பாரு தம்பி” என்று செல்போனை நீட்டினார். மூன்று மாப்பிள்ளைகளும் நின்றுபோன திரையை அப்படியே படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். மூன்றிலும் சாய்ப்ரியா கண்ணை மூடிக்கொண்டு சிலையாக இருந்தாள்.

“எங்க கெரகம், நெட்டு கூட புள்ள கண்ண மூடற நேரமாப் பாத்து நிக்குது. ஒருத்தன் ‘பொண்ணு தூங்கிருச்சுங்களா’ன்னு கேக்கறான்.”

“லைன்ல லாஸ் இருந்திருக்குமுங்க சார்.”

“லாஸெல்லாம் எனக்குத்தான். மோட்டார்ல காத்து அடைச்சாலும் இப்படித்தான் தண்ணி விட்டுவிட்டு வரும். உன்ற ஒயர்ல காத்துப் புகாமப் பாத்துக்க.”

மோட்டார் பம்பு ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவருக்கு உலகத்தில் எல்லாமே பம்புதான். தீபக் அதற்கும் தலையாட்டினான். பஜ்ஜி இன்னும் வரவேண்டியிருந்தது.

திருமலைசாமி மகளிடம் திரும்பினார். “அம்மணி, இதுதான் கடைசி. இன்னைக்கும் நின்னா, அடுத்த ஞாயித்துக்கெழமை எல்லாரையும் ஊட்டுக்கே வரச் சொல்லிப்போடுவேன். நேர்ல ஒக்காந்து பேசறப்ப எது நிக்குதுன்னு பாக்கறேன்.”

சாய்ப்ரியாவின் முகம் வெளுத்தது. நாலு பேர் எதிரில் அவளுக்கு நாக்கு எழாது. “செரிங்கப்பா” என்றாள்.

பதினொரு மணிக்குத் திரையில் பல்லடம் வந்தது. கோழிப்பண்ணை ஆபீஸ் அறை. நடுவில் மாப்பிள்ளை சசிதர், இருபுறமும் அவனுடைய அப்பா, அம்மா. சாய்ப்ரியா தட்டைக் காட்டினாள்.

“கேசரி வாசம் இங்க வரைக்கும் வருதுங்க” என்றாள் சசிதரின் அம்மா. இரண்டு வீடும் சிரித்தன. ஸ்பீடு ஜோராக இருக்கிறது என்று தீபக் கட்டைவிரலை உயர்த்தினான்.

“அவங்க ரெண்டு பேரும் பேசட்டுமுங்க” என்று அந்தப் பக்கம் பெரியவர்கள் எழுந்து போனார்கள். இந்தப் பக்கமும் கதவு சாத்தப்பட்டது. திருமலைசாமி மட்டும் கதவிடுக்கில் ஒரு கண்ணை விட்டுவைத்தார்.

சாய்ப்ரியா கதவிடுக்கைப் பார்த்தாள். பிறகு வேறு வழியில்லாமல் திரையைப் பார்த்தாள்.

“எத்தன கோழிங்க இருக்குது?”

“பன்னெண்டாயிரமுங்க.”

“எல்லாத்துக்கும் பேர் வெச்சிருக்கீங்களா?”

சசிதர் காதைச் சொறிந்தான். “ஒரே ஒரு நாட்டுக்கோழிக்கு மட்டும் வெச்சிருக்கேனுங்க. சொன்னா சிரிப்பீங்க.”

அவளுக்குச் சொல்வதற்கு முன்பே சிரிப்பு வந்துவிட்டது. கதவிடுக்குக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“ஏனுங்க மாப்ள, தை மாசமே கல்யாணத்த வெச்சுக்கலாமுங்களா?”

படம் நின்றது.

சசிதரின் வாய் பாதி திறந்திருந்தது. கை காதருகிலேயே இருந்தது. கண்கள் எங்கோ நிலைகுத்தியிருந்தன.

“நின்னுபோச்சு! தீபக்கு!” திருமலைசாமி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

தீபக் பஜ்ஜியோடு ஓடிவந்து மோடத்தைப் பார்த்தான். “எல்லா லைட்டும் பச்சையாத்தானுங்க இருக்குது. நம்ம பக்கம் ஒண்ணுமில்லீங்க சார்.”

“பச்சையோ செவப்போ, மாப்ள அய்யனார் செலையாட்டம் நிக்கறாரே! கம்பத்துலதான் காத்து அடைச்சிருக்கும். வா!”

இருவரும் தெருவுக்கு ஓடினார்கள். ஏணியைப் பிடிக்க வெங்கடம்மாளும் பின்னால் ஓடினாள். “மெதுவாங்க! கெணத்துல கிணத்துல வீசிப்போடாதீங்க, அது வாடகை மோடம்!”

வீடு அமைதியானது. சாய்ப்ரியா திரைக்கு அருகில் குனிந்தாள்.

பல்லடத்தில் ஒரு செவலைக் கோழி மேசைமேல் தாவி ஏறியது. கேமராவை ஒரு பார்வை பார்த்தது. சசிதரின் பாக்கெட்டில் இருந்த பேனாவை இரண்டு கொத்துக் கொத்திவிட்டு, நிதானமாக நடந்து போனது. சசிதர் அசையவில்லை. அவன் கண்ணில் மட்டும் தண்ணீர் கட்டி, இமை துடித்துக்கொண்டிருந்தது.

சாய்ப்ரியா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா ஏணியில் பாதி உயரத்தில் இருந்தார். அவள் மைக்கருகே வாயைக் கொண்டுபோனாள்.

“ஏனுங்க, கண்ண மூடிக்குங்க. நான் மூணு தடவையும் அப்படித்தான் நின்னேன்.”